கோளாறு எங்கே மறைந்திருக்கிறது?



ஆயி பட்டணத்துக்கு முன்பாக இஸ்ரவேலர் முறிந்தோடினதை யோசுவா 7-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சுமார் 3000 பேர் போனார்கள், ஏறக்குறைய 36 பேர் மடிந்தார்கள். அதற்குப் பின் குற்றத்தை எப்படித் தேடினார்கள், கவனித்தீர்களா? கண்ணில் பட்டவனைப் பிடித்து, "இவன்தான்" என்று சொல்லவில்லை. முதலாவது கோத்திரம், பிறகு வம்சம், அப்புறம் வீடு, கடைசியில் ஆள். அப்படி ஒழுங்காய்த் தேடினபடியால் ஆகானுடைய கூடாரத்து மண்ணுக்குள் புதைந்திருந்தது வெளியே வந்தது.

ஆனால் ஞாயிறு காலையில் சபை வேன் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் "பேட்டரி போச்சு" என்பார். இன்னொருவர் "செல்ஃப் மோட்டார் போச்சு" என்பார். வாலிபர்கள் தள்ள ஆரம்பிப்பார்கள். திங்கட்கிழமை காணிக்கைப் பணத்தில் புது பேட்டரி. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை! ரோட்டோரத்தில் காத்திருக்கிற வயதான தாய்மார்கள் ஆராதனைக்கு வராமல் வீடு திரும்புகிறார்கள். தேடாமல் மாற்றுகிறதினால் வருகிற நஷ்டம் இது.

1. சத்தத்தைக் கேளுங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியைத் திருப்புங்கள். "டக் டக் டக்" என்று வேகமாய் அடித்தால், சார்ஜ் குறைவு அல்லது லூஸ் கனெக்ஷன். ஒரே ஒரு "டொக்" மட்டும் கேட்டால் சோலனாய்டு, செல்ஃப் மோட்டார், அதற்குப் போகிற கேபிளைப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், பியூஸ், ரிலே. இஞ்சின் நன்றாய்ச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பேட்டரியைத் திட்டாதேயுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. டீசல் வருகிறதா, ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

2. அளந்து பாருங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றபின் மீட்டர் வைத்தால், நல்ல சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிப்போயிற்று. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை.

3. இணைப்பைப் பாருங்கள். பேட்டரி நல்லதாயிருக்கும், ஆனால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். எர்த் ஒயரை மறந்துவிடாதேயுங்கள்! மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இஞ்சின் மேலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

4. மறைவாய் எரிகிறதைத் தேடுங்கள். சபை வேன் ஆறு நாள் நிற்கிற வண்டி. சீட்டுக்கடியிலோ டிக்கியிலோ ஒரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் போதும். அது இழுப்பது 0.4 ஆம்பியர்தான். ஆனாலும் 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை ஏறக்குறைய ஆறு நாளில் காலியாக்கிவிடும். புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான்!

இதைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். அப்போது சாவியைத் திருப்பக்கூடாது, மீட்டர் கெட்டுப்போகும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் அடங்கும்வரை சற்றுக் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. பியூஸை ஒவ்வொன்றாய் உருவுங்கள். எதை உருவினபோது அளவு சட்டென்று விழுகிறதோ, அந்த வரிசையில்தான் "ஆகான்" இருக்கிறான். பிறகு அந்த வரிசையிலுள்ள விளக்கு, ஸ்விட்ச், ஒயர் என்று ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். கோத்திரம், வம்சம், வீடு, ஆள்!

ஒரு எச்சரிப்பு. அடிக்கடி பியூஸ் போகிறது என்று கம்பியைச் சுற்றிவிடாதேயுங்கள். பியூஸ் போவது நமக்கு விரோதமானதல்ல, நம்மைக் காக்கிறது. கம்பி சுற்றினால் ஒயரிங் தீப்பிடிக்கும். அந்த வேனில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அருமையான தேவபிள்ளையே, ஜெபம் சூடுபிடிக்கவில்லை என்று நீயும் கூட்டத்துக்குக் கூட்டம் ஓடுகிறாயோ? ஞாயிற்றுக்கிழமை நிரம்புகிறாய், சனிக்கிழமைக்குள் வெறுமையாகிறாய். ஒருவேளை குறைவு அபிஷேகத்தில் அல்ல. சகோதரனோடுள்ள உறவில் உப்புப் பூத்திருக்கலாம். யாரும் பார்க்காத இடத்தில் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கலாம். இந்த வாரம் அவசரப்படாமல் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாய் அவர் கையில் எடுத்துக்கொடு. ஆராய்கிறவர் அவர், சரிசெய்கிறவரும் அவரே.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.