ஏமாந்தவன் குற்றவாளியா?

கடைத்தெருவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவன் இருப்பான்" என்பதே அது. வியாபாரிகளாகிய நாம் இதைப் பெரிய உண்மையாகக் கருதித் தலையை ஆட்டிக்கொள்கிறோம். சற்று நின்று யோசித்தால், இந்தப் பேச்சு பழியை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பது விளங்கும். திருடியவன் எங்கோ தொலைவில் இருக்கிறான். அவன் நம் கைக்கு எட்டமாட்டான். ஆகவே கைக்கு எட்டியவனை, அதாவது ஏமாந்தவனை, பிடித்துக்கொள்கிறோம். இது நீதியா என்பதே நான் இங்கே ஆராய விரும்பும் கேள்வி.

ஏட்டைப் படித்து எழுந்த கேள்வியன்று இது. சிங்கப்பூரில் நான் நடத்திவரும் சிறிய துணிக்கடையிலேயே எழுந்தது.

ஒரு வியாழக்கிழமை நண்பகல். வசூலுக்காக நான் வெளியே போயிருந்தேன். கணக்கு எழுதும் பையன் மட்டும் கணினியின் முன் இருந்தான். எங்களிடம் மூன்று ஆண்டுகளாக வேலை செய்பவன். ஒரு காசு பிசகாதவன். தொலைபேசி ஒலித்தது. எடுத்தான். நாங்கள் இன்டர்நெட் இணைப்பு வாங்கியிருக்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதன் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவர் மரியாதையான ஆங்கிலத்தில் பேசினார். கடைக் கணினிக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும், போலீஸ் விசாரணையும் வரும் என்றார்.

பையன் முதலில் நம்பவில்லை. "அப்படியானால் நீங்களே கண்ணால் பாருங்கள்" என்றார் அவர். விண்டோஸ் குறியுள்ள விசையையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டச் செய்தார். ஈவென்ட் வியூவர் என்னும் திரை விரிந்தது. அதில் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான குறிகள்! "இவை எல்லாம் திருடர்களின் கால்தடங்கள்" என்றார்.

உண்மை என்னவென்றால், அந்தத் திரை கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. அச்சுப்பொறி ஒரு முறை பதில் சொல்லாவிட்டாலும், ஒரு சிறு வேலை தாமதப்பட்டாலும் அது எழுதிவைக்கும். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அக்குறிகள் இருக்கும். நமது சிட்டையில் நாலு இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பதைக் காட்டி, "இந்தக் கடை திவாலாகிவிட்டது" என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிப்போம். சிட்டை நமக்குத் தெரியும். கணினியின் சிட்டை பையனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு நடந்தவை சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னார். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற இவை தம்மளவில் நேர்மையான கருவிகளே. பல கம்பெனிகள் அன்றாடம் பயன்படுத்துபவை. ஆனால் அதில் தோன்றும் எண்ணை அந்நியனிடம் சொல்வது, கடைச் சாவியைக் கையில் கொடுப்பதற்குச் சமம். பையன் சொன்னான். "திருடனைப் பொறிவைத்துப் பிடிக்க உங்கள் உதவி தேவை, வங்கிக் கணக்கைத் திறந்துவையுங்கள்" என்றார். திறந்தான். வங்கி அனுப்பிய ஆறிலக்க எண்ணைக் கேட்டார். கொடுத்தான். திரை கறுத்தது. 8,400 வெள்ளி போய்விட்டது.

அன்று மாலையே பையனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆயினும் அவன் என்னிடம் சொன்னது மறுநாள் நண்பகலில். அதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிட்டதாக வங்கியில் கூறினார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை.

நான் என்ன செய்தேன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடையில் எல்லாரும் பார்க்க, "உனக்கு அறிவில்லையா? பாலகன்கூட இப்படிச் செய்யமாட்டானே!" என்று ஏசினேன். முழுப் பணத்தையும் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்போவதாகவும் சொன்னேன். அவன் தலைகுனிந்து, "சரிங்க முதலாளி" என்று மட்டும் சொன்னான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்திய மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நாங்கள் சரக்கு எடுக்கும் ஒரு பெரிய வியாபாரி பாக்கியைக் கேட்டுக் கடைக்குப் போன் செய்தார். அவரை நேரில் அறியாத என் பையன், "தாங்கள் யார்? எந்த பில்லுக்கு? முதலாளியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறியிருக்கிறான். அவருக்குக் கோபம் வந்து என்னிடம் முறையிட்டார். நான் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பெரிய இடத்திலிருந்து பேசினால் குறுக்குக் கேள்வி கேட்காதே. சொன்னதைச் செய்" என்று கண்டித்தேன்.

முன் மாதம் கேள்வி கேட்டதற்காக ஏசினேன். இந்த மாதம் கேள்வி கேளாததற்காக ஏசினேன். இரண்டு முறையும் ஏசியவன் நானே.

நிற்க. இந்த மோசடியின் இயல்பை நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சோம்பேறி தனியே உட்கார்ந்து செய்யும் விளையாட்டன்று அது. வாடகைக்கு இடம் பிடித்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து, பேச வேண்டியதை வரிவரியாக எழுதிக் கொடுத்து நடத்தப்படும் தொழில். 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டில்லிப் போலீசார், மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் கொடுத்த புகாரின்பேரில், டில்லி வட்டாரத்தில் இத்தகைய பல தொலைபேசி நிலையங்களைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தார்கள். சிங்கப்பூரில் மட்டும் 2024ஆம் ஆண்டில், எல்லா வகை மோசடிகளையும் சேர்த்து, 51,000க்கு மேற்பட்ட புகார்கள் பதிவாயின. பறிபோன தொகை சுமார் 110 கோடி வெள்ளி. இத்தனை பேரும் அறிவிலிகளா? அப்படிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

மோசக்காரன் மூடத்தனத்தை மட்டும் நம்பித் தொழில் நடத்துவதில்லை. அவன் பெரிதும் பயன்படுத்துவது நற்குணங்களையே. பெரியவர் சொன்னால் கேட்கும் பணிவு, முதலாளியின் சொத்துக்கு ஆபத்து என்றவுடன் பதறும் விசுவாசம், அந்நியரிடமும் மரியாதையாகப் பேசும் பண்பு, சொன்ன வேலையைத் தாமதிக்காமல் முடிக்கும் சுறுசுறுப்பு ஆகியவைதாம் அவன் பிடித்துத் திருகும் கைப்பிடிகள். ஒரு சிப்பந்தியை வேலைக்கு எடுக்கும்போது நாம் தேடுவதும் இவற்றைத்தானே! எந்தக் குணங்களுக்காக அவனை அமர்த்தினோமோ, அதே குணங்களால் அவன் ஏமாறும்போது, முழு நஷ்டத்தையும் அவன் தலையில் கட்டுவது எவ்வாறு நியாயமாகும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "தண்டனை இல்லையென்றால் சிப்பந்திகளுக்குப் பொறுப்பு வருமா? அவனவன் இஷ்டப்படி முதலைக் கரைத்துவிட்டு, ஏமாந்துவிட்டேன் என்பானே!" என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலைக் காப்பதும் கடமையே. அதைத் தள்ளிவிட முடியாது.

இதற்கு என் பதில், மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பது. ஒருவன் தனக்குச் சொல்லிக் கொடுக்கப்படாத சூழ்ச்சியில் விழுவது ஒன்று. அது தவறு, குற்றமன்று. தெளிவாக விதிக்கப்பட்ட கட்டளையை அலட்சியம் செய்து விழுவது மற்றொன்று. அதற்கு அவன் அளவோடு பொறுப்பேற்க வேண்டும். தெரிந்தே மோசக்காரனுடன் கைகோத்துக்கொள்வது மூன்றாவது, அதுவே குற்றம். இம்மூன்றையும் ஒரே தராசில் போட்டு ஒரே எடைக்கல்லால் நிறுத்தால், நாம் வியாபாரிகள் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

சட்டமும் இந்த அளவை மறக்கவில்லை. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, ஊழியரிடம் ஒப்படைத்த பணமோ பொருளோ அவருடைய தவறால் நஷ்டமானால், முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். பின்னரும் கழிக்கக்கூடியது ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாத தொகை, அதுவும் ஒரே முறை. மாதாமாதம் கழிப்பேன் என்று நான் கோபத்தில் சொன்னது நியாயத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் புறம்பானது.

என் பங்கு அத்துடன் முடியவில்லை. வங்கிக் கணக்கில் ஒருவர் உத்தரவு எழுதவும் மற்றொருவர் ஒப்புதல் தரவும் வசதி இருந்தது. அலுப்புப் பட்டு இரண்டையும் பையன் கையிலேயே கொடுத்திருந்தேன். அமானிதமாக ஒன்றைக் கொடுப்பவன், அதைக் காக்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா?

இன்னும் முக்கியமானது அந்த ஓர் இரவுத் தாமதம். மாலையிலேயே அவன் என்னிடம் ஓடிவந்திருந்தால், உடனே வங்கிக்குத் தெரிவித்திருப்போம். ஒரு பகுதியேனும் மிஞ்சியிருக்கலாம். ஏன் வரவில்லை? என் வாய்க்குப் பயந்து. ஆகவே ஏமாந்தவனைப் பழிப்பது நீதியன்று என்பது மட்டுமல்ல, நமக்கே நஷ்டமும் ஆகும். கடையில் ஒருவனை ஏசினால் மற்ற பத்துப் பேரும் ஒளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எல்லாரையும் சந்தேகித்து, வந்தவர் போனவரையெல்லாம் திருடராகப் பார்ப்பதா? அதுவுமன்று. இதற்கு நம்மவர்களின் பழைய தொழில் ஒன்றே வழிகாட்டுகிறது. என் அத்தா இளமையில் சேஞ்ச் ஆலியில் நாணயமாற்றுக் கடையில் வேலை பார்த்தவர்கள். 1989இல் மூடப்பட்ட அந்தப் பழைய சந்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரரானாலும், நெடுநாள் பழகிய செட்டியாரானாலும், நோட்டு கைக்கு வந்ததும் விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவார்களாம். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. "ஆளைச் சந்தேகிக்கவில்லை, நோட்டைத்தான் பார்க்கிறோம்" என்பார்கள் அத்தா.

தொலைபேசியில் வரும் குரலும் ஒரு நோட்டுத்தான். அதையும் தடவிப் பார்க்கலாம். "தங்கள் பெயரையும் விஷயத்தையும் சொல்லுங்கள், கம்பெனியின் எண்ணை நாங்களே பில்லில் பார்த்துத் திரும்ப அழைக்கிறோம்" என்பது அவமரியாதையன்று. உண்மையானவர் பொறுத்துக்கொள்வார், பொய்யன் அவசரப்படுத்துவான். மைக்ரோசாஃப்ட் கம்பெனியும், தான் கேளாதவர்களுக்குப் போன் செய்து பழுது பார்க்க முன்வருவதில்லை என்றும், தன் எச்சரிக்கைத் திரைகளில் தொலைபேசி எண் இருக்காது என்றும் அறிவித்திருக்கிறது.

கேள்வி கேட்கும் உரிமையைச் சிப்பந்தி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. முதலாளி வாயால் கொடுத்தால்தான் உண்டு. சனிக்கிழமை காலை, முன்பு ஏசிய அதே இடத்தில், அதே ஆட்களின் முன்னிலையில் பையனை அழைத்து, "தம்பி, நேற்று நான் பேசியது தவறு. நஷ்டம் கடையைச் சேர்ந்தது" என்றேன். பேரேட்டிலும் அவ்வாறே எழுதச் செய்தேன். அவன் எழுதும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன்.

பிறகு சில விதிகளைச் சுவரில் ஒட்டினோம். கேட்காமல் வந்த உதவிக்குக் கணினியைத் திறப்பதில்லை. ஆறிலக்க எண்ணை எவருக்கும், முதலாளி என்று சொல்லும் குரலுக்கும், போனில் சொல்வதில்லை. பணம் அனுப்ப இருவர் ஒப்ப வேண்டும். தவறு நடந்துவிட்டால் முதலில் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கி, வேறு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துவிட்டு, அந்தக் கணமே என்னிடம் சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு ஏச்சு கிடையாது. சந்தேகம் கேட்கச் சிங்கப்பூரில் 1799 என்ற உதவி எண் இரவும் பகலும் உண்டு. பணம் பறிகொடுத்த மலேசிய அன்பர்கள், 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடிப் புகார் மையத்தை 997இல் அழைக்கலாம்.

ஏமாந்தவன் குற்றவாளியா என்று கேட்டுத் தொடங்கினேன். அல்லன் என்பதே என் முடிவு. ஆனால் அவனுக்குக் கேட்கும் உரிமையைக் கொடுக்காமல், காக்கும் வழியைச் சொல்லாமல், ஒளிக்கும்படி பயமுறுத்தி வைத்திருந்தவன் முற்றிலும் குற்றமற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வணிகப் பெருமக்கள் தத்தம் கடைச் சிப்பந்திகளை இன்று மாலையே அழைத்து, "சந்தேகம் வந்தால் யாரையும் கேள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்களாக. அந்த வார்த்தையை நான் 8,400 வெள்ளி கொடுத்து வாங்கினேன். தங்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கட்டும்.