உப்பு நீரும் மூன்று அளவைகளும்

பொருட்களின் இயல்பை முறையாகக் கற்காதவர் ஒரு கருவிக்கு உலோகமும் பசையும் தேர்ந்தெடுக்கலாமா? மட்டக்களப்பு வாவிக்கரையில் இதற்குப் பதில் தேவைப்படுகிறது. இறால் குளத்து நீரின் உப்பை அளக்கச் சிறு கருவி செய்ய விரும்பும் இளைஞர் மின்சுற்றைத் தானே கற்றுவிடுவார். நீரில் நனையும் முனையை எதனால் செய்வது என்பதில்தான் தடுமாறுவார். தேர்ந்தெடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் தான் எதை எவ்வழியில் அறிந்தார் என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி நம் சைவ சமயத்திலேயே இருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கப் பகுதியில் இறைவனைப் பற்றிப் பேசுமுன், அறியும் வழிகளாகிய அளவைகளை ஆராய்ந்து, பலவாக எண்ணப்பட்டவற்றை நேரில் அறியும் காட்சி, ஊகித்து அறியும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரை என்ற மூன்றில் அடக்குகிறது.

தயாரிப்பாளரின் தரவுத்தாள் உரை. 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட, மொலிப்டினம் கலந்த 316 தரம் உப்பை நன்கு தாங்கும் என்று அது சொல்கிறது, நம்பலாம். ஆனால் அந்தத் தாள் எழுதப்பட்டது இந்த வாவிக்காக அல்ல. சுமார் 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவியின் நீர், வடகீழ்ப் பருவமழையில் உப்புக் குறைகிறது, வறட்சியில் உவர்க்கிறது. சேறும் சிப்பியும் ஒட்டிய இடுக்கில் ஒட்சிசன் எட்டாதபோது 316 தரத்திலும் குழி விழலாம். இங்கேதான் கருதல் வேண்டும். இரு செப்புக் கம்பிகளுக்கிடையே நேர்மின்னோட்டம் ஓயாமல் ஓடினால் ஒன்று கரைந்துகொண்டே போகும். ஆகவே திசை மாறும் மின்னோட்டமும் சில டோர்ச் பற்றரிகளுக்குள் இருக்கும் கரிக்கோலும் மேல். அலுமினியத் தாங்கியில் பித்தளைத் திருகாணியை முடுக்கினால், உப்புநீர் பட்டதும் அலுமினியம் அரிக்கப்படும். காட்சிக்கு மூக்கே போதுமான சமயமும் உண்டு: காயும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கோன் பசை, செப்புத் தடங்களை அரிக்கும் அமிலத்தைக் கக்குகிறது. மற்றவற்றுக்கு, ஒரே பொருளின் ஒரு துண்டை நீரில் கட்டித் தொங்கவிட்டு, இன்னொன்றை வீட்டில் உலர்வாக வைத்து, மழையும் வெயிலும் கழிந்தபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சித்தாந்தத்தில் உரை என்பது இறைவன் அருளிய ஆகமம், அதை வணிகரின் தாளோடு சேர்ப்பது தகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குற்றமற்றவன் வாக்கு என்பதால்தான் ஆகமம் உரை. விற்பவருக்கு விற்கும் ஆசை உண்டு. அதனால்தான் அவர் சொல்லைக் கருதலாலும் காட்சியாலும் சோதிக்கிறோம், ஆகமத்துக்குரிய இடத்தை அதற்குத் தருவதில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கல்லாதவருக்குத் தான் எதைக் கேட்கவில்லை என்பதே தெரியாது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். 230 வோல்ட் மின்சாரம், லிதியம் பற்றரி, வெள்ள எச்சரிக்கை போன்று பிறர் உயிர் தொங்கும் இடங்களில் கற்றவர் சொல்லே முடிவாக வேண்டும். பிழையின் விளைவு செய்தவரையே வந்து சேரும் சிறு கருவியில் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. திறந்து முனையை மாற்றும்படி செய்திருந்தால் போதும்.

இப்படி மூன்று அளவைகளையும் கொண்டு கருவி செய்ததற்கு முன்மாதிரியும் உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியல் கற்றவர், ஆனால் இசைக்கருவி செய்யும் தொழிலர் அல்லர். பழைய யாழோ வழக்கொழிந்துவிட்டது. பண்டை நூல்களின் உரையையும் கணிதத்தின் கருதலையும் கொண்டு அவர் அதை மீட்டார். 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அவரது யாழ் நூல் அரங்கேறியபோது, அவர் ஆராய்ச்சிப்படி அமைத்த யாழ்கள் இசைக்கப்பட்டன. நூலோடு நின்றுவிடாமல் நரம்பைக் காதால் கேட்கும் காட்சி வரை போனதே அவ்வாராய்ச்சியின் நேர்மை என்று கருதுகிறேன். வாவியில் துண்டைத் தொங்கவிடுபவரும் கண்டதை இடம், மாதம், ஆழம், உலோகத்தின் தரம் ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். அடுத்து கருவி செய்பவருக்கு அதுதான் உரை. அரித்துப்போன துண்டையும் மறைக்காமல் எழுதினால்தான் அது நம்பத் தகுந்த உரை.