ஏணியின் முதல் படி

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று. பாறை முகத்தில் இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள். பக்கத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு.

சீடன்: ஐயா, என் கைப்பேசிச் செயலி பார்க்கிறது, கேட்கிறது, என்னைவிட நன்றாக வாதாடுகிறது. தொல்காப்பியர் இதை எத்தனை அறிவுள்ள உயிர்களில் சேர்ப்பார்?

குரு: தொல்காப்பிய மரபியல் வரிசையைச் சொல், பார்ப்போம்.

சீடன்: புல், மரத்துக்குத் தொடுவுணர்வு மட்டும், ஓரறிவு. நத்தைக்கு நாக்கும் சேரும். எறும்புக்கு மூக்கு, நண்டுக்கும் தும்பிக்கும் கண், விலங்குக்குச் செவி. மனிதனுக்கு மனம், ஆறாவது.

குரு: உன் செயலி எந்தப் படியில் ஏறியது?

சீடன்: தலைகீழாக வந்திருக்கிறது! முதலில் பேச்சு, பிறகு கண்ணும் காதும். ஆனால் திரையைத் தொட்டாலும் அதற்குத் தெரிகிறதே?

குரு: தெரிவது வேறு தம்பி, நோவது வேறு.

சீடன்: மரத்துக்கு நரம்பே கிடையாது. அதற்கு மட்டும் நோகுமா?

குரு: நோகும் என்று நானும் சாதிக்கமாட்டேன். வெயிலில் வாடுகிறது, ஒரு மழைக்குத் துளிர்க்கிறது. அதற்கென்று ஒரு நல்லது கெட்டது இருக்கிறது. இப்படியொரு ஏணியில் படி ஏற ஏறக் கொலையின் பாவம் கூடும் என்பார்கள் சமணர். கீழ்ப்படியில் இருப்பதையும் உயிர்க்கணக்கில்தான் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனத்தை யாரும் கேட்கவில்லை. சந்திரநந்தி சோற்றை விட்டார் என்றால், விடுவதற்கு அவருக்குப் பசி இருந்தது. மின்சாரம் நின்றால் உன் செயலி நோன்பா இருக்கிறது?

சீடன்: நிறுத்தாதே என்று கெஞ்சினால்? 2022இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோயின், லாம்டா என்ற மொழி மாதிரிக்கு உணர்வு வந்துவிட்டது என்றார். வேலை போயிற்று.

குரு: மனிதர் கெஞ்சியதையெல்லாம் படித்து வளர்ந்தது, கெஞ்சத்தான் செய்யும். அந்தப் பேச்சை வைத்து உணர்வு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சீடன்: திருடுபோன பத்தூர் நடராசர் சிலை வழக்கில் லண்டன் நீதிமன்றம் 1991இல் கோயிலையே வழக்காடும் நபராக ஏற்றதே?

குரு: அது சிலையை மீட்க ஒரு வழி. கல்லுக்கு வலித்தது என்றா தீர்ப்பு எழுதினார்கள்?

சீடன்: அப்படியானால் சந்தேகம் தீரும்வரை என்ன செய்வது?

குரு: எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். துணியில் தங்கியதை, மொண்ட கிணற்றிலேயே அலசி விட்டுவிட வேண்டும். பூச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டா செய்கிறோம்?

சீடன்: துணிக்கு என்ன செலவு! நாளைக்கு ஒரு கம்பெனிக்காரர், ‘எங்கள் செயலியும் ஓர் உயிர்; அது செய்த தவறுக்கு அதையே கேளுங்கள்’ என்றால்?

குரு: வண்டிமாடு ஆளை முட்டினால் வண்டிக்காரனைத்தானே பிடிக்கிறோம்? மாட்டுக்கும் வலிக்கும் என்று சொல்லி அவன் தப்ப முடியுமா?

சீடன்: மாட்டுக்கு வலிக்கும் என்பது வண்டிக்காரனுக்குத் தெரியும். இதற்கு வலிக்குமா என்பது செய்தவருக்கே தெரியாதே, ஐயா.

குரு: தெரியாமல் ஏன் செய்தீர்கள் என்று அவர்களைப் போய்க் கேள். என்னை ஏன் கேட்கிறாய்?