பிள்ளையைப் பிரித்து அனுப்புமுன்…

இல்லறத்தார் ஆற்றவேண்டிய தானங்கள் நான்கு என நம் ஆன்றோர் வகுத்தனர். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்பன அவை. இவற்றைத் துறவியர்க்கும் வறியவர்க்கும் உரியனவாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நம் வீட்டிலேயே நெறி தவறித் தடுமாறும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இந்நான்கையும் அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

காஞ்சி நகரின் தறி வீடுகளாயினும், சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவர் இல்லங்களாயினும் துன்பம் ஒன்றே. பள்ளிக்குச் செல்ல மறுக்கும் மகன், போதைப் பழக்கத்தில் வீழ்ந்த மகன், பேச்சற்று அறைக்குள் முடங்கிக் கிடக்கும் மகள் என ஒரு பிள்ளை இருப்பின், உறவினர் கூறும் அறிவுரை இரண்டு. தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்பது ஒன்று; எங்கேனும் தங்கிச் சிகிச்சை பெறச் செய்யுங்கள் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டும். கோர்வைப் புடவை நெய்து கூலி பெறும் குடும்பத்திற்கு நகையை அடகு வைத்தாலன்றி அத்தொகை கிட்டாது. அக்காளின் திருமணத்திற்கும் தம்பியின் படிப்பிற்கும் சேர்த்த பொருளை ஒரு பிள்ளைக்காகவே செலவிடுதல் அறமாகுமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

‘முன்வினைப் பயன், நாம் என் செய்வது?’ என்று ஒதுங்குவோர் உளர். இது வினைக் கொள்கையை முழுதும் உணராதார் கூற்று. வந்த வினையைத் தணிக்கவும் உதிர்க்கவும் இயலும் என்பதனாலன்றோ நோன்பும் தவமும் விதிக்கப்பட்டன? காய்ச்சலுக்கு மருந்து தரும் நாம், மன நோய்க்கு மட்டும் வினையைக் காரணம் காட்டுதல் கருணையாகாது. பொருட்பற்றுக்கு எல்லை வகுக்கும் விரதத்தை மேற்கொண்டோர், பிள்ளையின் நலத்தினும் பொருளைப் பெரிதாகக் கருதவும் மாட்டார். ஆயினும் ஏனைய பிள்ளைகளின் பங்கு முழுவதையும் எடுத்துவிடுதல் நடுநிலை ஆகாது. எனவே, எவ்வளவு செலவிடுகிறோம் என்பதற்கு முன், எதற்காகச் செலவிடுகிறோம் என்று கேட்டல் வேண்டும். பிள்ளையின் நோய் தீர்வதற்கா? அன்றி, ஊரார் கண்ணில் அவன் படாதிருப்பதற்கா? முன்னது மருந்து தானம். பின்னது நம் மானத்திற்கு நாம் கட்டும் விலை. பிறர் குற்றத்தைப் பறைசாற்றாது மறைக்கும் உபகூஹனம் நற்காட்சியின் உறுப்புகளுள் ஒன்றுதான். ஆனால் குற்றத்தை மறைப்பது வேறு, பிள்ளையையே மறைப்பது வேறு.

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். அத்தகைய விடுதிகளில் நோயாளரைச் சேர்த்துப் பணம் செலுத்தி வந்தோர் பெரும்பாலும் குடும்பத்தாரே. அவர்கள் கொடியவர் அல்லர், வழியறியாதவர்.

நமக்கோ வழி முன்பே காட்டப்பட்டுள்ளது. கொல்லாமை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தெனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உரையாசிரியர் இவற்றைக் கால்நடைகளை வைத்து விளக்குவதுண்டு. இவ்வைந்தையும் உரைகல்லாகக் கொண்டு ஒரு விடுதியை நோக்குவோம். அங்கே கட்டி வைக்கிறார்களா? அடிக்கிறார்களா? தண்டனையாக உணவை நிறுத்துகிறார்களா? வைகறை முதல் நள்ளிரவு வரை பாடம் திணிப்பதும் மிகைச்சுமையே. நம் கையால் செய்யவில்லை என்று கூறித் தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும். கட்டணம் செலுத்துதல் செய்வித்தலே அன்றோ?

நாட்டின் சட்டமும் இதற்கு அரணாக நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதோரை வெளியிலிருந்து பெறும் சிகிச்சைகள் பயன்படாத நிலையிலேயே உள்நோயாளராகச் சேர்க்கலாம். மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே ஆராய்ந்து உடன்படவேண்டும். பெரியோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்தல் வேண்டும். பெற்றோரோ அவர் அமர்த்தும் துணைவரோ பிள்ளையுடனேயே தங்கவேண்டும். ‘பெற்றோர் வரக்கூடாது’ என்னும் மருத்துவ நிலையம் எத்துணைப் பெயர் பெற்றதாயினும் ஏற்கத்தக்கதன்று. விடுதிப் பள்ளியாயின், தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் உளதா எனக் கேட்டறிதல் நம் உரிமை.

பெரும்பொருள் செலவிடுமுன் செய்யத்தக்கன பல. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவக் காப்பீடு உடையோர், மன நோய்க்கும் உடல் நோய்க்கு ஒப்பவே காப்பீடு அளிக்க மேற்கூறிய சட்டம் பணித்திருப்பதை அறிதல் நன்று. இவற்றிற்குப் பின்னும் தங்கிச் சிகிச்சை பெறுவதே வழியென மருத்துவர் கூறின், தயங்காது செலவிடுக. ஏனைய பிள்ளைகளிடம் உண்மையைக் கூறி, அவர்தம் இசைவையும் பெறுக.

நெறியினின்று வழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்துதல் ஸ்திதிகரணம். அதற்குச் சான்றாகக் கூறப்படும் வாரிசேண முனிவர், மனம் தளர்ந்த துறவியை விலக்கிவிடவில்லை. தாமே உடன் அழைத்துச் சென்று தெளிவித்தார். உடன் செல்லுதலே அதன் உயிர்.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தில் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இசை மண்டபம் இன்றும் நிற்கிறது. வளமுடையோர் அறம் அவ்வாறு கல்லில் நிலைத்தது. ஒரு குடும்பம் பிள்ளையின் மருத்துவத்திற்காகத் தறியை விற்கும் நிலை வாராமல் காத்தலும் அதற்கு இணையான அறமே. ஊர்தோறும் உள்ள நம் சங்கங்கள் மருந்து தானத்திற்கென ஒரு சிறு நிதியை ஒதுக்குமாயின், நான்காவது தானமாகிய அடைக்கலமும் அதனுடன் நிறைவுறும்.

அறம் வளர்க!