எது நம் ஊர்?

மைய அரசுப் பணியில் இருப்போர் தம் சொந்த ஊர் எது என்பதை ஒரு படிவத்தில் எழுதித் தருவது வழக்கம். எல்.டி.சி. என்று நாம் வழங்கும் விடுமுறைப் பயணச் சலுகைக்காக ஏற்பட்டது அது. ஒருமுறை எழுதிய ஊரை எளிதில் மாற்ற இயலாது. தக்க காரணம் காட்டி, துறைத் தலைவரின் இசைவு பெற்று, பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். மைசூரில் பிறந்து, மைசூரில் பயின்று, மைசூரிலேயே எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு அன்று அதை நிரப்ப ஒரு நொடியும் ஆகவில்லை. தந்தையார் பிறந்த தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டோம். எழுதியது சரிதானா என்ற ஐயம் பல்லாண்டுகள் கழித்தே எழுந்தது.

இந்த ஐயம் எமக்கு மட்டும் உரியதன்று. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அனைத்திற்கும் உரியது. "நம் ஊர் எது?" என்று பிள்ளைகள் கேட்கும்போது நிலப்படத்தைக் காட்டி விடை சொல்லிவிட முடியாது. எந்த மண்ணுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

நிலம் வேறு, ஊர் வேறு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தின் தெய்வமும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள் ஆயின. அங்கு வாழும் மாந்தரின் அகவொழுக்கம் உரிப்பொருள் ஆயிற்று. உரிப்பொருள் இல்லாத நிலம் பாட்டில் இடம் பெறுவதில்லை. இக்காலத்து மானிடப் புவியியலாரும் இதை ஒட்டியே சிந்தித்தனர். சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய யீ-ஃபூ துவான் 1977-இல் வெளியிட்ட நூலில் 'வெளி' என்பதையும் 'இடம்' என்பதையும் பிரித்துக் காட்டினார். பழக்கமில்லாத வெளி, நாம் அதை அறிந்து அதற்கு மதிப்பளிக்கும்போது இடமாகிறது என்பது அவர் கருத்து. அவரும் புலம்பெயர்ந்தவரே என்பது நினைக்கத்தக்கது.

நாம் வாழும் மைசூரையே எடுத்துக்கொள்வோம். அகநானூற்றில் வரும் எருமையூரன் இப்பகுதித் தலைவனே என்று கருதும் அறிஞர் உளர். மகிஷாசுரன் பெயரால் அமைந்த ஊர் என்பது இங்குள்ளோர் மரபு. ஆங்கிலேயர் நாவில் 'மைசோர்' ஆகி, 2014 நவம்பர் முதல் நாள் 'மைசூரு' என்று அரசு ஏட்டில் திருந்திற்று. பெயர் மட்டுமா மாறியது? திப்பு சுல்தான் பழைய கோட்டையை இடித்து, அதன் கற்களைக் கிழக்கேயுள்ள மேட்டுக்குக் கொண்டுபோய் நசர்பாத் என்னும் புதுக்கோட்டை எழுப்ப முனைந்தார். 1799-இல் அவர் வீழ்ந்தபின், அதே கற்கள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே கோட்டையாயின. பின்னர் 1897-இல் மர அரண்மனை தீக்கிரையாயிற்று. இன்று உலகம் வந்து காணும் அரண்மனை, ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912-இல் நிறைவுற்றது. அரச குடும்பத்தின் செலுவாம்பா மாளிகையோ 1950 முதல் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையமாகப் பயன்படுகிறது. ஆகவே ஊரின் பொருள் கல்லில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அக்கல்லைக்கொண்டு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

அப்பொருளை வாளால் பெற முடியுமா? மைசூருக்கு அண்மையிலுள்ள தலக்காட்டைச் சோழர் 1004-ஆம் ஆண்டளவில் வென்று, இராசராசபுரம் என்று பெயர் சூட்டினர். 1116-இல் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதை மீட்டான். இன்று இராசராசபுரம் கல்வெட்டில் மட்டுமே உண்டு. அதே வட்டாரத்து மேல்கோட்டையில் இராமாநுசர் பல்லாண்டுகள் தங்கித் தொண்டு செய்தார். தமிழ் வைணவர் அவ்வூரைத் திருநாராயணபுரம் என்றே இன்றும் அழைக்கின்றனர். அதனால் மேல்கோட்டை என்ற கன்னடப் பெயருக்குக் குறையொன்றும் நேரவில்லை. வென்றவர் இட்ட பெயர் மறைந்தது. தொண்டர் வாழ்ந்த பெயர் நிலைத்தது.

மாற்றத்திற்கு விலையும் உண்டு. 1911-இல் தொடங்கிக் காவிரியின் குறுக்கே கட்டிய கிருட்டிணராச சாகரம் மண்டியா வயல்களை வளமாக்கியது. பழைய கண்ணம்பாடி ஊரோ அந்நீரில் மூழ்கியது. அங்கிருந்த வேணுகோபாலன் கோயில், வறட்சி மிகுந்த ஆண்டுகளில் மட்டும் தலைகாட்டி வந்து, பிற்காலத்தில் கரையில் மறுபடியும் எழுந்தது. இன்றும் சிற்றூர் மக்கள் அணையைக் 'கண்ணம்பாடிக் கட்டை' என்கிறார்கள். ஊரை இழந்தவர்களுக்கு ஊர் செய்த கைம்மாறு அந்த நினைவுதான்.

இனி நம் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் தந்தையார் பிறந்த சிற்றூருக்குச் சென்றோம். பூர்விக வீடு விற்றுப் பல காலம் ஆயிற்று. திண்ணையும் ஓட்டுக்கூரையும் போய்க் காரை வீடு நின்றது. "ஊரே கெட்டுவிட்டது" என்று வருந்தினோம். வீட்டை வாங்கிய பெரியவர் சிரித்தார். "மழை பெய்தால் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தது நாங்கள்தானே, தம்பி" என்றார். அவர் சொல் நெஞ்சில் தைத்தது. இரண்டு நாள் பார்க்க வந்த நம் நினைவுக்காக அங்கு வாழ்பவர்கள் ஒழுகும் கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று விரும்புவது பற்றாகாது, தன்னலமே ஆகும்.

மைசூர் எப்போது நம் ஊராயிற்று என்றும் எண்ணிப் பார்த்தோம். 1991 திசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், கர்நாடகத்தில் தமிழர்மீது வன்முறை மூண்டது. அப்போது எமக்குப் பள்ளிப் பருவம். பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்கள் குடும்பம் முழுவதையும் தம் வீட்டின் உள்ளறையில் இரண்டு இரவுகள் வைத்துக் காத்தார். வாசலில் வந்து விசாரித்தவர்களிடம், "நம்மவரு" என்று ஒரே சொல் சொல்லித் திருப்பியனுப்பினார். அக்கன்னடச் சொல்லுக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

அவர் நம்மை நம்மவர் என்றார். நாம் இவ்வூரை நம் ஊர் என்றோமா? குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நாள்தோறும் காற்று வாங்குகிறோம். ஏரி மாசுபட்டதென்று குரல் எழுந்தால், "அது அவர்கள் ஊர்ச் செய்தி" என்று ஒதுங்குகிறோம். நாற்பதாண்டு வாழ்ந்த ஊரைத் தங்கும் விடுதியாக எண்ணுவது நன்றி மறத்தல் அன்றோ?

எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட கணியன், பூங்குன்றம் என்னும் தம் ஓரூரின் பெயராலேயே அறியப்படுகிறார். பிறந்த ஊரை மறப்பவன் பிற ஊரை நேசிப்பான் என்பதில்லை. பிறந்த ஊருக்கு நன்றியும் வாழும் ஊருக்கு உழைப்பும் உரியன. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

இத்தெளிவோடு பழைய படிவத்தின் விதிகளை மீண்டும் படித்தோம். சொந்த ஊரை உறுதி செய்ய அவை எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. குடும்பக் கடமையும் சமூகக் கடமையும் உன்னை அடிக்கடி அழைக்கும் ஊர் எது என்பதே அவற்றின் முதல் கேள்வி. வீடு, உறவினர், முன்பு வாழ்ந்த காலம் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எம் விடை மைசூர்தான். பணிபுரியும் ஊரே சொந்த ஊரானால், சொந்த ஊர்ப் பயணச் சலுகை கிடையாது. இத்தனை ஆண்டுகள் எம்மைப் பேசாதிருக்கச் செய்தது மண்பற்றா, பயணச்சீட்டா என்று மனச்சான்று கேட்டது. விடை சொல்லக் கூசினோம்.

இவ்வாண்டு ஊர்ப்பெயரை மாற்றித் தருமாறு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். தந்தையாரின் சிற்றூருக்கு இனியும் போவோம், பிள்ளைகளையும் அழைத்துப் போவோம். இனி அது எம் கைப்பணத்தில் அமையும்.