யாருடைய பாதுகாப்பு?

"சேஃப்டிக்குத்தான்மா கட்டியிருக்கோம்." கைகள் கட்டப்பட்ட கணவனைப் பார்த்து அழும் பெண்ணிடம் செவிலியர்கள் வழக்கமாகச் சொல்வது இது. பொய்யென்று சொல்ல முடியாது. தலைக்காயத்தால் நினைவு தடுமாறும் ஒருவர் மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஆனாலும் செவிலியரான எனக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது. நர்சிங் படித்தபோது மாலையானதும் விடுதிக் கதவைப் பூட்டியவர்களும் 'பாதுகாப்பு' என்றுதான் சொன்னார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம். விபத்தில் சிக்கி வருபவருடன் பெரும்பாலும் சொந்தம் யாரும் இருப்பதில்லை. அவர் ஒடியாவில் கத்துவது தண்ணீருக்கா, சிறுநீர் முட்டுவதாலா, வலியாலா? நமக்குப் புரியாததை 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கையை அவருடைய அம்மா பிடித்துக்கொள்கிறார். இவர் கையைக் காஸ் துணி பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுக்கு நோய் மட்டும்தான் காரணமா?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டம் மனநல நிலையங்களுக்கானது. அதன் நியாயமும் ஐசியு வாசலோடு நின்றுவிடுமா?

பிரிட்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கைகளைக் கட்டுவது அரிது. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது அங்கே நெறிமுறை. இங்கே நைட் டியூட்டியில் பல கட்டில்களுக்கு ஒருத்தி. ஆள் போடாத நிர்வாகத்தின் முடிவு அவள் கைவழியே முடிச்சாகிறது. குழாய் பிடுங்கப்பட்டால் மெமோ வருவதும் அவளுக்குத்தான்.

'நானும் கட்டுண்டவள்தானே' என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். ஆனால் என் கட்டைக் காட்டி இன்னொருவர் கட்டை நியாயப்படுத்த முடியாது. வீட்டில் மாமியார் பட்டதையே மருமகளும் படவேண்டும் என்ற வாதத்தைப் பெண்கள் நாம் ஏற்பதில்லையே.

அதற்காக முழுப் பழியையும் செவிலியர் சுமக்க வேண்டியதில்லை. முதலில் வலி இருக்கிறதா, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். அவர் மொழி தெரிந்த சக தொழிலாளி ஒருவரைப் போனிலாவது பேசவைக்கலாம். எதுவும் பலிக்காமல் கட்டினால், கட்டிய நேரத்தையும், உத்தரவிட்டவர் பெயரையும், அவிழ்த்த நேரத்தையும் எழுதலாம். கூடவே, அன்றிரவு எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தோம் என்பதையும். 'பாதுகாப்புக்காக' என்று மட்டும் எழுதினால் ஆள் போடாதவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது.