முதுமையின் தொடக்கம் எங்கே?

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. பிறர் புண்ணுக்குக் கட்டுத்துணி நெய்யும் தறிக்காரர், தாம் நோயுற்றால் யாரை நாடுவது?

2024 அக்டோபரில் நடுவண் அரசு, 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு வழங்கத் தொடங்கியது. வரம்பை 60 ஆகக் குறைக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அமெரிக்காவிலோ, 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் காப்பீட்டை 67க்குத் தள்ளலாமா என்று நெடுநாளாக வாதிட்டு வருகின்றனர்.

வரம்பு உயர்ந்திருக்க வேண்டும் என்போர் கூற்றைப் புறந்தள்ளுவதற்கில்லை. பொதுப்பணம் அளவுடையது, ஆயுளோ நீண்டுள்ளது. வயது எளிய அளவுகோலும் ஆகும். வறுமைக்குச் சான்றிதழ் கேட்டு எவரையும் அது அலைக்கழிப்பதில்லை.

ஆயினும், ஆயுள் எல்லாருக்கும் ஒன்றுபோல் நீளவில்லை. ஆண்டுக்கணக்கில் தறியடியில் நின்ற கால்களும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரலும் 60க்கு முன்பே தளர்ந்துவிடக்கூடும். வரம்பு உயர உயர, முன்னதாக மடிவோரும் சேர்ந்து செலுத்திய வரியின் பயன் நெடுநாள் வாழ்வோரையே சேர்கிறது. எல்லாருக்கும் ஒரே எண் என்பது எல்லாருக்கும் ஒரே நீதி ஆகிவிடாது.

தமிழக அரசின் காப்பீடு 2009 முதல் உள்ளது. அதன் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. மகன் மாதம் 11,000 ஈட்டினால் ஆண்டுக்கு 1,32,000. அவ்வரம்பை அக்குடும்பம் கடந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமன்று. 62 வயதுப் பெற்றோர் இன்னும் எட்டாண்டு காத்திருக்க வேண்டும், நோய் காத்திருக்குமா? திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் உள. பெருநோய் என்றால் மதுரைக்குச் செல்வோரே பலர். அங்கே கடன் தொடங்குகிறது.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963இல் எழுதிய சுற்றுமடலில், மருத்துவக் கவனிப்பையும், நோயிலும் முதுமையிலும் பாதுகாப்பையும் மனித உரிமைகளாகவே எண்ணினார். உரிமைக்கு வயதில்லை, நிதி குறைந்த நாட்டில் வரிசைக்கு மட்டுமே இடமுண்டு. அவ்வரிசையில் முன்னே நிற்க வேண்டியவர் முதலில் தளர்பவரே. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய அட்டை வைத்திருப்போருக்கேனும் 60 வயதில் கதவு திறக்கட்டும். அதற்குப் புதிய சான்றிதழ் தேவையில்லை. வசதி உள்ளோர் 70 வரை காத்திருக்கலாம். அவர்களுக்கு அது பொறுமை. தறிக்காரருக்கோ அது உயிர்.